மாவு கொடுத்த வீடு

ஆடி பிறந்த முதல் வாரம், எல்லையம்மன் கோவில் பூசாரி கன்னியப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையில் கூடை. அதில் வீடு வீடாக வாங்கிய கேழ்வரகு மாவு. கூழ் ஊற்றும் திருவிழாவுக்காக.

அப்பா ஒரு படி மாவைக் கொண்டுபோய் நீட்டினார்.

"குடுக்கறீங்களா?" என்றார் கன்னியப்பன்.

"எடுத்துக்கோங்க."

"நீங்க குடுக்கறீங்களா?"

போதவில்லை போலிருக்கிறது என்று அப்பா நினைத்தார். உள்ளே திரும்பி என்னைக் கூப்பிட்டு, "தாட்சாயிணி, இன்னும் ஒரு படி கொண்டு வாம்மா" என்றார்.

கன்னியப்பன் கூடையை இறக்கவில்லை. பக்கத்து வாசலைப் பார்த்தார். "ரோசிச்சி குடுங்க ஐயா."

"தர்மத்துக்கு யோசிக்க என்ன இருக்கு?" அப்பாவின் குரலில் கொஞ்சம் கோபம்.

அதன் பிறகுதான் கன்னியப்பன் கூடையை இறக்கி இரண்டு படியையும் வாங்கிக்கொண்டார். கண்களில் ஒற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் காலியானது. நாங்கள் சிந்தாதிரிப்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு வந்தோம். அப்பாவும் நானும்தான்; அம்மா இல்லை. எங்களைப் போலவே பலர் வந்தார்கள். மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். கிணற்றடியில் பட்டணத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்தக் கோடையில் அந்தச் சின்ன ஊரில் இரண்டு ஊர் இருந்தது.

குண்டு விழவில்லை. ஆனி முடிவதற்குள் பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். பீச் ஸ்டேஷனருகே அப்பா வேலை பார்த்த கப்பல் கம்பெனி மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதனால் நாங்கள் இருந்தோம். நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கரைசலை ஊற்றித் திரும்ப ஊற்றினால், சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்த மிச்சம்.

எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பி.எஸ்ஸி. படித்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பேச வராது. இங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. வீட்டுக்காரி சாமுண்டீஸ்வரி அக்கா பேசுவாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பேன். அது போதுமாக இருந்தது. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

மாவு வாங்கிப் போன அன்று சாயங்காலம் கோவிலில் காப்புக் கட்டினார்கள். கோவிலிலிருந்து ஓர் ஆள் வந்து அப்பாவையும் கூப்பிட்டார். பிரசாதம் வாங்கப் போகிறவர்போல அப்பா சந்தோஷமாகப் போனார். மஞ்சள் துணி சுற்றிய மணிக்கட்டோடு திரும்பி வந்தார். அதைப் பார்த்த சாமுண்டி அக்கா என்னிடம் கேட்டாள்.

"இனிமே காப்பு அவுக்கிற வரிக்கும் உங்க நைனா ராவுல ஊரு எல்லயத் தாண்டித் தங்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியாது அக்கா."

"தெரியாதா? மாவக் குடுத்தாரே."

"தர்மம்னு நினைச்சார்."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "வெளியூருக்காரன் மாவ எந்தப் பூசாரியாச்சும் வாங்குவானா? ஊருல எந்தெந்த ஊட்டுல அடுப்பு எரியுதுன்னு அம்மனுக்குச் சொல்றதுக்குத்தான் அந்த மாவு. உங்க அடுப்பையும் சேத்தாச்சி போ." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "வெளயாட்டு இல்ல கண்ணு. அந்த வருசம் காப்பு கட்டிகினு ஒருத்தன் அரக்கோணத்துல போயி படுத்தான். பின்னாடியே அம்மை வந்துச்சி. என் பெரியவள அதுலதான் குடுத்தேன்."

அம்மை எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். என் கையில் ஊசித் தழும்பு இருக்கிறது. நான் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து கார்டு வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டும். வராதவர்கள் இடத்தில் வேறு ஆள். அப்பா கார்டை எடுத்துக்கொண்டு பரந்தாமன் அண்ணனிடம் போனார். சாமுண்டி அக்காவின் கணவர். கோவில் தர்மகர்த்தாவும் அவர்தான். வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம நடந்துபோச்சு. காப்பை அவிழ்த்துடுங்க. நாங்க வெளியூர்தானே?"

"மாவு குடுக்கறதுக்கு முன்ன வெளியூரு. இப்ப இன்னா வெளியூரு?"

"போகலைன்னா வேலை போயிடும்."

"போங்க. யாரு வேணாங்கறது? காலைல ரயிலு ஏறுங்க. பொழுது சாய வந்துடுங்க. தலய இங்க சாச்சாப் போதும்."

"தினமுமா? இங்கேருந்து பீச்சுக்கா?" அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்படிச் செய்கிற யாரையும் அவருக்குத் தெரியாது.

"நம்ம ஊருப் பாலு தெனம் போவுது. கெடாமத்தான் போவுது. நீங்க கெட்டுடுவீங்களா?"

வைக்கோல் போரின் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "காப்பு அவிழ்க்கிறவரைக்கும் பார்ப்போம். அப்புறம் சிந்தாதிரிப்பேட்டைதான்" என்றார்.

திங்கட்கிழமை விடியலில் அப்பா ஏரிக்கரை வழியாகத் திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு நடந்தார். கையில் தூக்குச் சட்டி, பாதங்களில் ஆபீஸ் பூட்ஸ். பால்காரர்கள் அவருக்கு வண்டியில் இடம் போட்டு வைத்தார்கள். சாயங்காலம் ரயில் ஊதியதும் கிணற்றடியில் யாராவது சொல்வார்கள்: "தாட்சாயிணி, உன் நைனா வந்தாச்சி. சோத்த வை." வேறு யாருக்காகவும் அவர்கள் அந்த ஊதலைக் கவனித்ததில்லை.

அப்பா ஊர்ச்செய்தி கொண்டு வந்தார். மூர்மார்க்கெட் திறந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் புது ஆட்கள். பழைய குடித்தனங்கள் சில தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டன. எங்கள் பட்டணத்து வீட்டுக்காரர், சாவியைக் கொடுக்கிறீர்களா, வருகிறீர்களா என்று கேட்கிறாராம். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

காப்பு அவிழ்க்க இரண்டொரு நாள் இருந்தது. அன்று ரயில் ஊதவில்லை.

தினமும் பொழுது சாயும்போது, காப்புக் கட்டியவர்கள் எல்லோரும் ஊருக்குள் வந்த பிறகுதான் கோவிலில் விளக்கேற்றுவார்கள். அன்று எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் இல்லை. நான் ஏரிக்கரை எல்லைக்கல்லருகே போய் நின்றேன். சாமுண்டி அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு பரந்தாமன் அண்ணன். பிறகு பெண்கள் சிலர். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிலிட்டரி வண்டி போவுதாம். ஆவடியிலயே நிறுத்திட்டானாம்," என்று பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார்.

ஆவடியில் நின்ற ரயிலில் இருப்பவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகிற வண்டியில் ஏறுவார். மெட்ராஸில் தங்க எங்களுக்கு வீடே இருக்கிறது. சட்டைப்பையில் சாவி இருக்கிறது. அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம்தான்.

பக்கத்திலேயே இருந்த கோவில் வாசலில் கன்னியப்பன் திரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏத்திடலாமே," என்று ஒருவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"இன்னும் வெளிச்சம் கீது," என்றார் கன்னியப்பன். வெளிச்சம் அவ்வளவாக இல்லை.

சாமுண்டி அக்கா தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அவள் யாரை நினைக்கிறாள் என்று தெரிந்தது. அவள் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடித்தேன். அதுவரை நான் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை.

தண்டவாளப் பக்கமாக இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று உயரம். அது தங்கவேல், பரந்தாமன் அண்ணன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அந்த மாதம்தான் ஆவடி மிலிட்டரி காம்ப்பில் கூலிக்குச் சேர்ந்திருந்தார். இன்னொன்று நொண்டிக்கொண்டு வந்தது. பூட்ஸ் இரண்டையும் கையில் பிடித்திருந்தது.

"ஐயா ஆவடிலேருந்து தண்டவாளக் கட்டமேலயே நடந்து வந்தாரு. நான் தூக்கிகினு வரேன்னேன், ஒத்துக்கல," என்றார் தங்கவேல்.

அப்பா எல்லைக்கல்லைத் தாண்டிய பிறகுதான் நின்றார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. கோவிலில் விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"மெட்ராசுக்குத் திரும்புற வண்டி இல்லியா?" என்றார் பரந்தாமன் அண்ணன்.

"எதிர்ப் பிளாட்பாரத்துல நின்னுச்சு."

"அதுல போயிருந்தா காலு பொயச்சிருக்கும்."

அப்பா பூட்ஸைக் கீழே வைத்தார். கொஞ்சம் வெட்கப்பட்டவர்போல இருந்தார். "மாவு குடுத்தாச்சே," என்றார்.

சாமுண்டி அக்கா என் கையை விட்டுவிட்டு, அப்பாவுக்கு வெந்நீர் போட வீட்டுக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். காப்பை அவிழ்த்து ஏரியில் விட்டார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். மோர் ஊற்றிக்கொண்டார். "சீசன் டிக்கெட்டுன்னு ஒண்ணு இருக்காம். மாசத்துக்கு ஒரே தடவை வாங்கினாப் போதும்," என்றார். நான் உப்பை நகர்த்தி வைத்தேன்.

அதன் பிறகு நான்கு வருஷம் ஓடிவிட்டது. அப்பாவைப் பார்த்து அவர் ஆபீஸிலிருந்து இரண்டு குடும்பங்கள் திருநின்றவூருக்கு வந்துவிட்டன. தங்கவேல் ஆவடியிலேயே குடிசை போட்டுக்கொண்டார். இங்கே வேப்பம்பட்டில் அவர் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பரந்தாமன் அண்ணன் சொல்கிறார். காலை ரயிலில் பாலைவிட ஆட்கள் அதிகம். அப்பாவுக்கு இப்போது யாரும் இடம் போட்டு வைப்பதில்லை. சாயங்காலம் ரயில் ஊதினால் யாருக்கு என்று சொல்ல முடியாது. கிணற்றடியில் யாரும் சொல்வதுமில்லை. அந்த ஒரு ஆடியில் அது அப்பாவுக்கு மட்டும் ஊதியது.

நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஆடியில் கன்னியப்பன் கூடையோடு வந்தபோது அப்பா ஆபீஸ் போயிருந்தார். நான்தான் மாவைக் கொண்டு போனேன். "குடுக்கறீங்களா?" என்று கேட்பார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை இறக்கினார்.

"இந்த வாட்டி ஒரு படி போதும் கண்ணு," என்றார்.