சிரிச்சா தண்ணி வரும்

பல் டாக்டர் அம்மா பொய் சொல்வதில் கெட்டிக்காரி. வீட்டில் அல்ல, கிளினிக்கில். "வலிக்கவே வலிக்காது", "எறும்பு கடிக்கிற மாதிரிதான்", "இதோ முடிஞ்சுடுச்சு". இந்த மூன்றை வைத்தே இருபது வருஷம் தொழிலை ஓட்டிவிட்டார். முடிந்துவிட்டது என்று அவர் சொல்லும்போது வேலை பாதிகூட ஆகியிருக்காது. வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடப்பவர் எதிர்த்துக் கேட்கவா முடியும்?

அப்பேர்ப்பட்டவர் இப்போது நீச்சல் குளத்தின் அடியில், முதுகில் சிலிண்டரும் வாயில் காற்றுக் குழாயுமாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மாஸ்டர். ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ச் சேதாரம் இல்லாமல் திரும்பக் கொண்டுவருவது அவர் பிழைப்பு. அவர் தன் முகத்தைத் தொட்டு, மாஸ்க்கைக் கழற்றுங்கள் என்று சைகை காட்டினார். கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே நிறைந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியே தள்ள வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

டாக்டர் கழற்றினார். தண்ணீர் மூக்கைத் தொட்டதுதான் தாமதம், புத்தி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. "வாயைத் திறங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்று நாள் முழுக்கப் பிறத்தியாருக்குச் சொல்லிச் சொல்லி, அவருடைய மூக்கும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தது. வாயில் வேண்டிய அளவு காற்று இருக்கிறது, மூக்கோ பிடிவாதமாகத் தண்ணீரை இழுக்கிறது. மாஸ்டரின் தோளில் ஒரு மிதி மிதித்து எழும்பி, குளத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்தபோதுதான் டாக்டருக்கு உயிர் வந்தது.

"ஒண்ணும் ஆகாது டாக்டர். ரெண்டே செகண்ட், முடிஞ்சுடும்" என்றார் மாஸ்டர், தோளைத் தடவிக்கொண்டே.

அந்தக் குரலை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சொந்தக் குரல் அது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் தெரியும்.

"எனக்கேவா?" என்றார் இருமிக்கொண்டே.

இந்த வயதில் இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்காத உறவுக்காரர் பாக்கி இல்லை. எல்லாம் மகளுக்காக. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கிளினிக்குக்குத்தான் வருவாள். மாவுப் பல் அச்சுகளைப் பொம்மைகளாக்கிப் பேசவைத்து, அம்மா வேலை முடிக்கும்வரை மூலையில் காத்திருப்பாள். இன்றைக்கு அவள் கடலடிப் பாறைகளில் மீன்களை ஆராய்கிறாள். "ஒரு தடவை என் ஆபீஸுக்கு வாம்மா. அங்க ஒரு இடம் இருக்கு, சொன்னா நம்ப மாட்டே" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டாள். டாக்டர் சாக்குப்போக்கு சொல்லியே காலத்தை ஓட்டினார். இந்த மாதத்தோடு அவளுக்கு அங்கே வேலை முடிகிறது, அப்புறம் வேறு நாடு, வேறு கடல். வராத அம்மாமேல் மகள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் டாக்டரைப் போட்டு அறுத்தது.

"இன்னொண்ணு டாக்டர்" என்றார் மாஸ்டர். "கடலுக்குள்ள போனா சிரிக்காதீங்க. சிரிச்சா கன்னம் மடங்கி மாஸ்க்குக்குள்ள தண்ணி வரும்."

"நான் இருக்கற லட்சணத்துக்கு சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்."

அப்போதுதான் மாஸ்டர் கையில் தொங்கிய காற்றுக் குழாய் கண்ணில் பட்டது. அதன் முனையில் பல்லால் கடிக்கும் ரப்பர், இடது பக்கம் நைந்து தொங்கியது. வலது பக்கம் கடைக்குப் போனால் புதுசென்றே விற்கலாம். டாக்டரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"வலது பக்கம் கடிக்கறதே இல்ல. கடைவாய்ப் பல் வலி, எத்தனை மாசமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

"வாயைத் திறங்க."

சுறாவைப் பார்த்தும் பின்வாங்காத மனிதர் இரண்டடி பின்வாங்கினார். பின்னால் குளம் இருந்தது.

அவர் மூழ்கி எழுந்ததும் பேச்சு முடிவானது. முதலில் மாஸ்டர் நாற்காலியில் உட்கார வேண்டும், அப்புறம் டாக்டர் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். யார் ஓடினாலும் இன்னொருவர் ஊர் பூராவும் சொல்லலாம்.

மறுநாள் கிளினிக்கில் மாஸ்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டே டாக்டர் உள்ளுக்குள் அனுபவித்தார். நாற்காலியின் கைப்பிடியை மாஸ்டர் பிடித்திருந்த பிடியில் அது கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"வலிக்கவே வலிக்காது" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"எனக்கேவா?" என்றார் மாஸ்டர். பிறகு குரல் இறங்கியது. "எது வலிக்கும், எது வலிக்காதுன்னு உள்ளதைச் சொல்லிடுங்க டாக்டர். தெரிஞ்சுட்டா உக்காந்துடுவேன். தெரியலன்னாதான் கால் தானா ஓடுது."

டாக்டர் எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தார். அந்த நாற்காலியில் இருந்த யாரிடமும் அவர் இதுவரை உள்ளதைச் சொன்னதில்லை.

"ஊசி வலிக்கும். மருந்து ஏறும்போது கடுக்கும். அப்புறம் மரத்துடும். பல்லை எடுக்கும்போது வலி இருக்காது, ஆனா தாடையையே பிடுங்கற மாதிரி இழுக்கும். நறநறன்னு சத்தம் கேக்கும், கேக்கவே நல்லா இருக்காது. அது பல்லோட சத்தம், எலும்பு உடையற சத்தம் இல்ல."

மாஸ்டர் கண்ணில் தண்ணீர் விட்டார், ஆனால் ஓடவில்லை. சொன்னதெல்லாம் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக வந்து போயின. பல் தட்டில் விழுந்தபோது உதவிக்கு நின்ற நர்ஸ் டாக்டரையே வெறித்துப் பார்த்தாள். வலிக்கும் என்று அவர் வாயால் கேட்டது அவளுக்கும் அதுதான் முதல் தடவை.

பல் எடுத்த இடம் ஆறியபிறகு மறுபடி குளம். டாக்டர் இறங்குவதற்கு முன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப உங்க முறை. உள்ளதைச் சொல்லுங்க."

மாஸ்டருக்கு இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு சந்தோஷம். "மூக்குல தண்ணி ஏறும். எரியும். செத்தோம்னு தோணும். மேல ஓடணும்னு காலு துடிக்கும். இருமல் வந்தா குழாயைக் கடிச்சுக்கிட்டே இருமுங்க, அது தாங்கும். காத்து வாய் வழியா வந்துக்கிட்டேதான் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், பயம் போகவே போகாது. அது பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கும்."

எல்லாம் சொன்னபடி நடந்தது. எரிந்தது. செத்தோம் என்று தோன்றியது. 'சரி, இதைத்தான் சொன்னார்' என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். கால் துடித்தது. இதையும் சொன்னார். தண்ணீருக்கடியில் குழாயைக் கடித்தபடி லொக்கு லொக்கென்று இருமினார், காற்று வந்தது. கை தடவித் தடவி மாஸ்க்கை மாட்டியது. மூக்கு முதல் தடவையாகச் சொல்பேச்சு கேட்டு ஊதியது. மங்கலாகத் தெரிந்த மாஸ்டர் தெளிவாகத் தெரிந்தார். கை தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதைவிட அதிகமா எரிஞ்சுது" என்றார் டாக்டர் மேலே வந்து.

"நீங்க சொன்னதைவிட அதிகமா கடுத்துது" என்றார் மாஸ்டர்.

கடலுக்குப் போன அன்றைக்குப் பயம் படகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதை விரட்டவில்லை. மகள் முன்னால், மாஸ்டர் பின்னால், நடுவில் டாக்டரும் பயமுமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தனக்கு மூச்சு வாங்குகிற சத்தமே டாக்டருக்குப் பெரிதாகக் கேட்டது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து ஒரு பாறை ஓரமாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

அங்கே ஒரு பெரிய களவா மீன் வாயை ஆவென்று பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. சுண்டுவிரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று அதன் வாய்க்குள் புகுந்து, பல்லிடுக்கில் இருந்த அழுக்கைக் கொத்திக் கொத்தி எடுத்தது. பின்னால் இன்னும் இரண்டு மீன்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. அதில் ஒன்று நைசாக நழுவப் பார்த்து, மனசு மாறித் திரும்பி வந்தது. களவா சட்டென்று உதறியது. உடனே குட்டி மீன் வெளியே வந்து, அதன் முதுகைத் தன் துடுப்பால் தடவிக் கொடுத்தது. வலிக்கவே வலிக்காது, இதோ முடிஞ்சுடுச்சு. களவா அடங்கியது. குட்டி மீன் உள்ளே போய் முன்னைவிடப் பலமாக ஒரு கொத்துக் கொத்தியது.

டாக்டர் சிரித்தார். கன்னம் மடங்கி மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. பின்னால் மாஸ்டர் பதறிக் கிட்டே வந்தார். டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை, தலையைத் தூக்கி மூக்கால் ஊதித் தண்ணீரைத் தள்ளிவிட்டு மறுபடி சிரித்தார். மறுபடி தண்ணீர் வந்தது, மறுபடி ஊதினார்.

மகள் இடுப்பில் கட்டியிருந்த, தண்ணீருக்குள் எழுதுகிற பலகையில் பென்சிலால் எழுதிக் காட்டினாள். "என் ஆபீஸ்."

டாக்டர் பென்சிலை வாங்கி, 'என்' என்பதை அடித்துவிட்டு அதற்கு மேலே 'நம்ம' என்று எழுதினார். எழுதி முடித்ததும் மாஸ்க்குக்குள் கண் மட்டம்வரை தண்ணீர் நின்றது. அதை ஊதித் தள்ள அவருக்கு அவசரம் இல்லை.