ஆறிய காயம்

உள்ளடுக்கில் பச்சை தெரிந்தது. தெரியக் கூடாத இடம்.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணை மறுபடி பார்த்தாள். ஒப்பிடுவதற்காகக் கிருமி செலுத்தாமல் விட்ட நான்கு எலிகளில் ஒன்றுதான். அதன் புராஸ்டேட் சுரப்பியில், பச்சை அடையாளமிட்ட ஸ்டெம் செல்கள் வெளியடுக்கிலேயே இருந்திருக்க வேண்டும். கிருமி செலுத்தி அழற்சி உண்டாக்கிய எலிகளில்தான் அவை உள்ளே நகர்ந்து வேறு வகைச் செல்களாக உருமாறின. அப்படி மாறியவற்றில் புற்றுநோய் எளிதாகப் பற்றிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை இன்று மதியம் துறைத் தலைவரிடம் காட்டினால் அவள் வேலை நீளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

"தம்பி, இங்க வா."

எலிகளைக் கவனித்துக்கொள்ளும் சக ஆய்வாளன் வந்தான். எல்லோருக்கும் அவன் 'தாடி'.

"சாயம் கசிஞ்சிருக்கும்க்கா. நாலுல ஒண்ணு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். எங்க வீட்டுல நான் இல்லையா? விட்டுடுங்க."

அவள் அதே நான்கில் இன்னொரு எலியின் தகட்டை வைத்தாள். அதிலும் பச்சை, சுற்றிலும் அழற்சி கண்ட இடம்போல வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன.

"கசிஞ்ச சாயம் வெள்ளணுவையும் கூட்டிட்டு வருமா?"

அவன் தாடியைச் சொறிந்தான். அவள் ஃப்ரீசரிலிருந்து அந்த இரண்டு எலிகளின் உடல்களை எடுத்து, அடிவயிற்று முடியை விலக்கினாள். பல் தடங்கள்.

"ரெண்டு ஆணையும் ஒரே கூண்டுல போட்டியா?"

"கூண்டு வைக்கிற அலமாரி உடைஞ்சப்போ கூண்டு பத்தலக்கா. அடிச்சுக்கிச்சுங்க, பிரிச்சுட்டேன். ஆறிடுச்சேன்னு…"

"வெளியில ஆறிடுச்சு."

"நான் வாயத் திறக்க மாட்டேன். சொன்னா உங்க வேலை போயிடும்க்கா."

"உன் வாய நம்பி நான் தூங்கணுமா?"

மதியக் கூட்டத்தில் அவள் அந்த முதல் தகட்டின் படத்தையே முதலில் திரையில் போட்டாள்.

"இது கிருமி போட்டதாம்மா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். சண்டையில கடிபட்டது. கிருமி போடாமலே மாறியிருக்கு. ஒப்பிட்டுப் பாக்க மிச்சம் ரெண்டு எலிதான் இருக்கு."

கதவருகே தாடி எழுந்தான். "சேத்துப் போட்டது நான் சார்."

"உக்காருப்பா." தலைவர் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டார். "இத வெச்சு உன் வேலைய நீட்டச் சொல்லி நான் கேக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கிருமியே இல்லாம மாறியிருக்கே… கடிபட்ட அந்த இன்னொரு எலியையும் போடு."