டாஷ்போர்டில் ஒரு கானமயில்

அழிந்துவரும் புல்வெளிப் பறவையான கானமயில் நகரத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கணினித் திரை காட்டியது. கண்காணிப்பு அறையில் இருந்தவர்கள் இடங்காட்டும் கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். பறவை மருத்துவர் சிரிக்கவில்லை. அந்த ஆண்பறவையின் முதுகில் கருவியைக் கட்டிவிட்டவள் அவள்தான். வெயிலில் மின்னேற்றம் பெற்று, அது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். புல்வெளியைத் தாண்டிக் கால் வைக்காத பறவை காலையில் கடைத்தெரு, மதியம் கிளப் வாசல் என்று திரிந்து, பொழுது சாய்ந்தால் ஒரே தெருவில் ஒதுங்கியது. எந்தத் தெரு என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அக்கா வீட்டுத் தெரு.

அந்தப் புல்வெளியில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் அது. மற்றவற்றை வேட்டைக்காரர்களின் ஜீப்புகள் ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை போனாள். வாசலில் ஜீப் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டில், தலையாட்டும் பொம்மை நாய்க்குப் பக்கத்தில், கருவியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார் அக்கா புருஷன். கட்டட கான்ட்ராக்டர்; தன் மேல் தூசு படாத இடத்தில் மட்டும் வீரத்தைக் காட்டுபவர்.

"வா மச்சினி! டாக்டரம்மாவுக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இது எங்க கிடைச்சது மாமா?"

"அதுவா? ஒரு பெரிய பறவை முதுகுல மாட்டியிருந்துது. வெளிநாட்டுச் சாமான் போல. நல்லா இருக்கேன்னு வச்சுக்கிட்டேன்."

மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வேட்டையைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாலு பேர் போனோம். அது ஓடவே இல்ல, கேளேன்! கழுத்தைப் பலூன் மாதிரி ஊதிக்கிட்டு நிக்குது. எங்களுக்காக டான்ஸ் ஆடுது!"

பெட்டைகளுக்காக ஆடியது. அந்த நேரத்தில் அதன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. நாலு ஆண்கள், இரண்டு துப்பாக்கி, ஒரு ஜீப். எதிரில் காதல் கண்ணை மறைக்க நிற்கும் ஒரு பறவை. குறி தவறியிருந்தால்தான் அதிசயம்.

"சாப்பிட்டீங்களா?"

"கறியா அது? ரப்பர்! பாதியை நாய்க்குப் போட்டோம். நாயே யோசிச்சுது."

அக்கா தேநீர் கொண்டு வந்து கொடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீ பாத்ததைப் பாக்காத மாதிரி போயிடு. ஒரு பறவைதானேடி."

"ஒண்ணுதான்க்கா. அங்க இருந்த ஆணே அது ஒண்ணுதான். பெட்டைங்க இனி வருஷா வருஷம் வந்து நின்னுட்டுப் போகும். முட்டை வச்சாலும் குஞ்சு பொரியாது."

"அதுக்காக உன் மாமாவை உள்ள தள்ளுவியா? அப்படிச் செஞ்சா இந்த வாசப்படியை நீ மறந்துடணும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். தேநீர் கையிலேயே ஆறியது. இரண்டு பேருக்கும் வேறு உடன்பிறப்பு இல்லை.

மாமா இடையில் புகுந்தார். அவருக்குப் பஞ்சாயத்து பண்ணுவதில் பெருமை.

"எதுக்கு அக்கா தங்கச்சிக்குள்ள சண்டை? குறைஞ்சது ஒண்ணுதானே? அடுத்த வாரம் போய் உயிரோடவே ரெண்டு பிடிச்சுத் தரேன். ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லு!"

ஏதோ கோழிக்கடையில் நிற்பவர் போல விரலைக் காட்டிக் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. உண்மையாகவே உதவ நினைத்தார். அடுத்த வாரமும் போவார்; அவருக்குப் புரியவைக்க ஒரு வழியும் இல்லை.

அவள் கைப்பேசியை எடுத்து வனச்சரகரை அழைத்தாள். தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னாள். "கருவி ஜீப்ல இருக்கு சார். நான் இங்கதான் நிக்கறேன், சீக்கிரம் வாங்க."

 அக்கா தங்கையின் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமாவுக்கு முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு ஜீப்பின் கண்ணாடியில் குனிந்து பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

"பேப்பர்காரனுங்க போட்டோ எடுக்க வருவானுங்களா மச்சினி?"

அவள் கருவியை யாரும் எடுத்துவிடாதபடி ஜீப் கதவில் சாய்ந்து நின்றாள்.