கல்பனா மூட்டிய தனி அடுப்பு

கல்பனாவுக்குத் தலைவலி வந்தால் வீட்டில் ஆளுக்கு ஆள் வைத்தியராகிவிடுவார்கள். மாமியார் மாதம்மாள் உடம்புச் சூடு என்பாள். கொழுந்தன் சந்திரன் போன் பார்ப்பதால்தான் என்பான். புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டும் புருஷன் ராஜ்குமார் ஒன்றும் பேசாமல் மாத்திரையை நீட்டுவான். அதுவும் எரிச்சல்தான்.

வலி இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கிப் பாதி மண்டையைப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒருமுறை தலை பின்னிவிடச் சொல்லி வந்த மகளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வலி என்றால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை.

திருப்பத்தூர் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். சிலருக்குச் சில சாப்பாடு இந்த வலியைக் கிளப்பிவிடும், அது ஆளுக்கு ஆள் வேறு. "உங்களுக்கு எதுன்னு நீங்கதாம்மா கண்டுபிடிக்கணும். சந்தேகப்படுறதை எல்லாம் கொஞ்ச நாள் நிறுத்துங்க. அப்புறம் ஒண்ணொண்ணா சேத்துப் பாருங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

கல்பனா டீயை விட்டாள், வேர்க்கடலையை விட்டாள், கருவாட்டை விட்டாள், புளியையும் விட்டாள். விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வலி தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது என்று கைவிடப் போன சமயத்தில், ஒருநாள் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மாதம்மாள் கொதிக்கிற பருப்பில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னா அது?"

"எது?"

"கையில கீதே, அது."

"புளித்தண்ணி. ஒரு சொட்டு. புளி ஒண்ணும் போடலியே."

"எத்தினி நாளா ஊத்துறீங்க?"

"தெனமும்தான். வாயில வைக்க வேணாமா? கொல்லையில இத்தினி புளிய மரத்த வச்சிக்கினு, நம்ம வூட்டுக் குழம்புல புளி இல்லன்னா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

குழம்பை எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று கல்பனாவுக்குப் புரியவில்லை. டீ இல்லாமல் காலையெல்லாம் கொட்டாவி விட்டது வீண். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டது வீண். அத்தனையும் அந்த ஒரு சொட்டில் போயிற்று.

"இனிமே என்னுதை நானே ஆக்கிக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டினாள். சாமைச் சோறு, கீரை, மொச்சை, உப்பு. ருசி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் நாள் போகப் போகத் தலை லேசானது. பிறகு டீயைச் சேர்த்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. வேர்க்கடலை, அதுவும் ஒன்றும் செய்யவில்லை. கருவாடும் பாவம், சும்மாதான் பழி சுமந்திருந்தது. மிச்சம் இருந்தது புளி ஒன்றுதான்.

அதற்குள் ஊர் முந்திக்கொண்டது. அந்த ஊரில் ஒரு கூரையின் கீழ் இரண்டு அடுப்பு புகைந்தால் அண்ணன் தம்பி பிரிந்தாயிற்று என்று அர்த்தம். ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லாம் ராஜ்குமாரிடம் எந்தக் கொல்லை நிலம் உன் பங்குக்கு வந்தது என்று கேட்டார்கள். அண்ணியை முன்னால் விட்டு அண்ணன் ஆழம் பார்க்கிறான் என்று சந்திரன் பேச்சை நிறுத்திவிட்டான். மாதம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி பஞ்சாயத்து பேச ஆட்களோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"புளிய மரத்த எப்படிப் பிரிக்கச் சொல்ற கல்பனா?"

"மரத்த வச்சி நான் இன்னா பண்ணப் போறேன் மாமா? எதைத் துன்னா எனக்குத் தலைவலி வருதுன்னு தெரியணும். அவ்ளோதான்."

"அதுக்கு எதுக்கும்மா தனி அடுப்பு?"

"உள்ள ஆக்கறதுல புளி ஊத்திடறாங்க."

"புளி ஊத்தாம எப்படிம்மா ஆக்கறது?"

கல்பனாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சந்திரன், ஓடையோர மரமெல்லாம் தனக்குத்தான் என்று அப்பா சொன்னதாக ஆரம்பித்தான். எப்போது சொன்னார் என்று ராஜ்குமார் எகிறினான். அப்புறம் வெயில் ஏறும் வரைக்கும் மரப் பேச்சுதான். அவள் தலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் கோபால்சாமி தீர்ப்புச் சொன்னார். பின்னால் இருக்கும் அடுப்பைக் கலைத்துவிட வேண்டும். இன்றைக்கு மாதம்மாள் ஆக்குவதை எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்பனா கை நனைக்காவிட்டால் வீடு பிரிந்ததாகவே கணக்கு.

வாசலில் இலை போட்டார்கள். மாதம்மாள் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, தடபுடலாக ஆக்கியிருந்தாள். சாமைச் சோறு, புளிக்குழம்பு, கத்தரிக்காய் வறுவல், பலாக்கொட்டைப் பொரியல், கடையில் வாங்கிய மிக்சர் வேறு. எல்லாக் கண்ணும் கல்பனாவின் கையில் இருந்தது. சாப்பிடாமல் எழுந்தால் குடும்பம் உடைந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டு வலி வந்தால் எதனால் என்றே தெரியாமல் போகும், பட்டபாடு அத்தனையும் மறுபடி முதலில் இருந்து. ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. குழம்பை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சோதிக்க வேண்டியது இது ஒன்றுதானே பாக்கி?

"அத்தை, சோறும் குழம்பும் மட்டும் போதும். நெறைய ஊத்துங்க."

மாதம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இலையைத் தாண்டி ஓடுகிற அளவுக்கு ஊற்றினாள்.

"பாத்தீங்களா, ஒரு கரண்டி குழம்புல தீந்து போச்சு" என்று கோபால்சாமி சுற்றியிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

குழம்பு அருமையாக இருந்தது. அது இன்னொரு எரிச்சல்.

பொழுது சாய்வதற்குள் இடது கண்ணுக்குப் பின்னால் அது வந்துவிட்டது. கல்பனா உள்ளே போய் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். வலி ஏற ஏற, அதோடு ஒரு சந்தோஷமும் ஏறியது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான். இத்தனை வருஷம் பேர் தெரியாமல் வந்து அடித்துவிட்டுப் போனவன் இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

"அத்தை, புளிதான்" என்றாள்.

மாதம்மாள் கதவருகில் நின்றாள். "வெயில்ல உக்காந்து துன்ன இல்ல, அதான்."

ராஜ்குமார் வந்து மாத்திரையை நீட்டினான். "இன்னிக்கி உன்ன நிக்க வச்சிக் கேள்வி கேட்டாங்க இல்ல, அந்த டென்ஷன்தான்."

மற்ற நாளாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டிருப்பாள். இன்றைக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்தாள். இவர்கள் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ராஜ்குமார் வெளியே போனான். மாதம்மாள் போகவில்லை. உள்ளே வந்து, அவள் கண்மேல் கிடந்த துணியை எடுத்து நனைத்து மறுபடி போட்டாள். பிறகு, அழுகை கலந்த குரலில் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப புளி இல்லாம உனக்கு நான் இன்னாத்த ஆக்கிப் போடறது?"

மண்டை வெடிக்கிற வலியிலும் கல்பனாவுக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷி?