சந்திரகலாவுக்கு நான் எழுதிய நற்சான்று

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினாறு வருடம் டைப் அடித்தேன். என் ஆங்கிலத்தை மெச்சாத ஆளில்லை. அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர், எனக்குக் கான்வென்ட் படிப்பு, சும்மாவா? எண்பத்திரண்டில் செந்தூலிலிருந்து சந்திரகலா வந்து சேர்ந்தாள், ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள். ஆறே மாதத்தில் பாஸ் எதற்கெடுத்தாலும் கலா, கலா என்றார். நேற்று வந்தவளுக்கு இத்தனை வாழ்வா? என் வயிறு எரிந்தது. அதை எதற்கு மறைக்க?

மூன்றாம் வருடம் பங்சாரில் ஒரு பெரிய கம்பெனியில் செக்ரட்டரி வேலைக்கு மனுப் போட்டாள். தனி அறை, ஏர்கான் எல்லாம் உண்டாம். பாஸ் என்னைக் கூப்பிட்டு, "இராசேஸ்வரி, கலாவுக்கு நல்லதா ஒரு டெஸ்டிமோனியல் எழுதும்மா, சைன் பண்றேன்" என்றார்.

நல்லதாகத்தான் எழுதினேன். உழைப்பாளி, பணிவானவள். கடைசியில் மட்டும் 'ஷி ஹாஸ் டர்ன்ட் ஓவர் அ நியூ லீஃப்' என்று ஒரு வரி சேர்த்தேன். புதுப் பக்கம் புரட்டிவிட்டாள், அதாவது முன்பு தப்புத்தண்டா செய்தவள் இப்போது திருந்திவிட்டாள் என்று பொருள். பார்த்தால் புகழ்ச்சி மாதிரி இருக்கும், படிக்கிறவன் மனதில் முள்ளாய்த் தைக்கும். பாஸ் கோர்ட்டுக்கு ஓடும் அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கலா என்னிடம் அந்த வரிக்கு அர்த்தம் கேட்டாள். நன்றாக முன்னேறியிருக்கிறாய் என்று அர்த்தம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். பாவி நான், அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

இன்டர்வியூ முடிந்து மறுநாள் வாடிய முகத்தோடு வந்தாள். வேலை கிடைக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கோப்பி கலக்கிக் கொடுத்து, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

"முன்னாடி என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டாங்க அக்கா. அந்த வரிக்கு அதுதான் அர்த்தமாம். நீங்க தெரியாம போட்டிருப்பீங்க. ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா லெட்டர் பொய்யாயிடும், சைன் பண்ண பாஸுக்குக் கேவலம் லா. அதான் நெஜமா செஞ்ச ஒண்ண சொல்லிட்டேன்."

என்ன செய்தாய் என்றேன்.

"உங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப, நீங்க லேட்டா வந்த நாளெல்லாம் அட்டெண்டன்ஸ் புக்குல உங்க கையெழுத்த நான்தானே போட்டேன். அதச் சொன்னேன். உங்க பேரச் சொல்லல."

எனக்கு வெட்கம் வரவேண்டிய இடத்தில், சத்தியமாய்ச் சொல்கிறேன், மறுபடியும் பொறாமைதான் வந்தது. இவளைப் போல ஒரு நாளாவது நான் இருந்திருக்கிறேனா?

கலா கோப்பியைக் குடித்து முடித்தாள்.

"கிள்ளான்ல இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்காங்க. அதுக்கும் டெஸ்டிமோனியல் நீங்களே எழுதிக் குடுங்க அக்கா" என்றாள்.