கேள்வித்தாளில் இல்லாத வாய்க்கால்

சித்ரா கணக்கெடுப்பு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கேள்வித்தாள் கொடுக்கும். அவள் அம்பத்தூரில் பஸ் ஏறி வெள்ளானூர் போய் வீடு வீடாகக் கேட்டு வருவாள். முதலில் குடும்பக் கட்டுப்பாடு. பிறகு மகளிர் குழு. அதற்குப் பின் கழிப்பறை. எதற்கு நிதி வந்ததோ, அந்த வருடம் அதுதான் கேள்வி. பதில் சொல்லும் வீடுகள் மட்டும் மாறவில்லை.

வெள்ளானூர் எல்லம்மா அத்தனைக்கும் பதில் சொன்னவள். போன ஆனி மாதம் சித்ரா டேப்லெட்டோடு வந்து நின்றதும், துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாம்மா, இந்த தபா இன்னா கேக்க வந்துகீறே?"

"பொம்பளைங்க செல்போன எப்படி உபயோகிக்கிறாங்கன்னு, யக்கா."

"அத்த உடு. குடோன்காரன் செவுரு எழுப்பி வாய்க்கால மூடிட்டான். மழ பேஞ்சா தண்ணி பூரா ஊட்டுக்குள்ளதான். மனு குடுத்துக் குடுத்து காலு தேஞ்சிபோச்சி. அத்த எழுதிக்க."

நாற்பத்தாறு கேள்விகளில் ஒன்றிலும் அதற்கு இடமில்லை. சித்ரா தன் பைக்குள் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தத் தெருவில் பதினேழு வீடுகள். பதினேழிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஆய்வை நடத்தும் கிருஷ்ணப்பிரியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சனிக்கிழமை அவளிடம் சித்ரா நோட்டை நீட்டினாள். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவள், பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"செம்பரம்பாக்கம், வெள்ளானூர் பக்கம் வயலெல்லாம் எப்படி குடோன் ஆச்சுன்னு ஆராய்ச்சி பண்ணத்தான்கா நான் ஆசப்பட்டேன். நிதி கேட்டு மூணு தடவ எழுதினேன். மூணும் திரும்பி வந்துடுச்சு. செல்போன்னு எழுதினேன், ஒரே மாசத்துல குடுத்துட்டாங்க."

"அப்ப இத எங்கதான் மேடம் எழுதறது?"

கிருஷ்ணப்பிரியா கேள்வித்தாளைத் திறந்தாள். கடைசியில் நாற்பத்தேழாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: 'உங்கள் பகுதியின் பெரிய பிரச்சினை எது?'

சித்ரா மறுநாளே ஓடினாள். எல்லம்மா அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வைத்து முக்கால் மணி நேரம் பேசினாள். சித்ரா ஒரு வார்த்தை விடாமல் பதிந்துகொண்டாள்.

ஆடி முடிவதற்குள் நிதி கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. கடைசிக் கேள்வி தலைப்புக்கு வெளியே போகிறது, நீக்கிவிடவும் என்று எழுதியிருந்தார்கள்.

"முடியாதுன்னு எழுதுங்க மேடம்."

"எழுதலாம்கா. ஆய்வோட ரெண்டாம் கட்டம் நின்னுடும். உங்களோட சேத்துப் பத்துப் பேருக்கு வேலை போயிடும்."

சித்ராவின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சித்ரா கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள். கிருஷ்ணப்பிரியா அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கேள்வியை நீக்கினாள்.

முதல் கட்ட அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. புறநகர்ப் பெண்கள் வேகமாக முன்னேறுகிறார்கள் என்றது அது. செல்போன் வைத்திருப்போர் சதவீதத்துக்குள் எங்கேயோ எல்லம்மாவும் இருந்தாள்.

ஐப்பசி மழையில் அந்தத் தெரு மூன்று நாள் தண்ணீரில் நின்றது.

தை மாதம் இரண்டாம் கட்டம் தொடங்கியது. சித்ரா போனபோது எல்லம்மா வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கறை படிந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தாள். எல்லம்மா திட்டவில்லை. பாயை உதறிப் போட்டாள்.

"உக்காரும்மா. கேளு."

ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம், இல்லை என்று சட்சட்டென்று பதில் வந்தது. பாதியில் சித்ராவுக்கே பொறுக்கவில்லை.

"யக்கா, அந்த வாய்க்கா..."

"அது உன் கேள்வில கீதா, இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப அடுத்தத கேளு. எனக்கு வேல கீது."

சித்ரா குனிந்துகொண்டாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு இருபத்துமூன்றாவது கேள்வியைப் படித்தாள்.