மூன்று சேலை குறைவு

லண்டன் ஹரோவில் கலியாணம் என்றால் அதே லண்டனின் ஈஸ்ட் ஹாமில் எடுத்த சேலைக்கு மதிப்பில்லை. அதே சேலையை ஒரு தடவை விமானத்தில் ஏற்றி இறக்கிவிட வேண்டும். என் கணவரின் அக்கா மாலினி மச்சாளுக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. மகள் துஷ்யாவின் கலியாணத்தில் நெருங்கிய பெண்கள் முப்பத்திரண்டு பேரும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும், சேலை கோலாலம்பூரில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். போய்வர அகப்பட்டவள் நான். டிக்கெட்டையும் அவரே போட்டார்.

நான் சம்மதித்தது சேலைக்காக இல்லை. என் தங்கை பிரசாந்தினி அங்கேதான் இருந்தாள். லண்டனுக்கு என்று புறப்பட்டவளை ஏஜென்சிக்காரன் மலேசியாவில் இறக்கிவிட்டுக் காணாமல் போய்ப் பதினான்கு வருடம். கையில் ஓர் அகதி அட்டை மட்டும். வேலை செய்ய அனுமதி இல்லாததால் ஒரு புடவைக் கடையில் களவாகச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடமும் அவள் முகத்தை போனில்தான் பார்த்தேன். ஆறு நாள் அவளோடு இருக்கலாம் என்றபோது மச்சாளைக் கும்பிடலாம் போல இருந்தது.

மச்சாள் என்னிடம் ஒரு நிறத்துண்டைத் தந்தார். சுவருக்கு பெயின்ட் தெரிவு செய்யக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த அட்டை. சாம்பல் தட்டிய ரோஸ். ஒரு பொட்டும் மாறக்கூடாது என்றார்.

கோலாலம்பூரில் அந்த அட்டைதான் எங்களை மேய்த்தது. காலையில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு, வெயில் ஏறியதும் மால்கள். ஒரு கடையில் நான்கு, இன்னொன்றில் ஆறு என்று பொறுக்கினோம். சேலையோடு முடிந்ததா? வருகிறவர்களுக்குக் கொடுக்கக் குங்குமச்சிமிழ், மணவறைக்குத் துணிப்பூ, தோழிகளுக்கு வளையல் என்று ஹரோவிலிருந்து ஒவ்வொரு நாளும் புதுப் பட்டியல் வந்தது. பிரசாந்தினி கடையில் லீவு சொல்லிவிட்டு இரண்டு கையிலும் பைகளோடு கூடவே நடந்தாள். கடைக்காரர்களோடு மலாயில் பேரம் பேசினாள். என் செருப்பு கடித்தபோது தன் செருப்பைக் கழற்றித் தந்தாள். சாப்பிட்டதுகூட மால் மாடியில், கைப்பைகளைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, அவதி அவதியாக. அறைக்கு வந்தால் சேலைகளைக் கட்டிலில் விரித்து நிறம் பார்க்கவே நேரம் சரியாகிவிடும்.

"அக்கா, நாளைக்கு ஒரு இடமும் போகாமல் இருந்து கதைப்பமே?" என்று முதல் நாள் கேட்டாள். ஓம் என்றேன். ஐந்து நாளும் கேட்டாள். ஐந்து நாளும் ஓம் என்றேன்.

ஆறாம் நாள் காலை எண்ணினால் இருபத்தொன்பது. நகரத்தின் மறுகரையில் ஒரு கடையில் மூன்று இருப்பதாக பிரசாந்தினி போன் போட்டு அறிந்தாள். ஆனால் எழும்பவில்லை.

"அக்கா, இண்டைக்கு வேண்டாம். என்ர அகதி அட்டை புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. கையிலை போட்டோக் கொப்பிதான். அந்தப் பக்கம் இமிகிரேஷன் செக்கிங் நடக்குதாம்."

நான் மச்சாளுக்கு போன் எடுத்துக் கேட்டேன். மூன்று பேரை வேறு நிறத்தில் நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். தங்கையின் அட்டையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. நானே போயிருக்கலாம். எனக்குப் பாஷை தெரியாது, பெட்டி கட்டவேண்டும் என்று ஆயிரம் சாட்டு வைத்திருந்தேன்.

"மூண்டுதானே, பிரசா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாவன்."

இதைச் சொன்னது மச்சாள் இல்லை, நான். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரியக்கா, போட்டு வாறன்" என்று எழும்பினாள்.

மத்தியானம் கதவைத் தட்டியது அந்தக் கடையில் வேலை செய்யும் பெண். மூச்சு வாங்க ஒரு பார்சலை நீட்டினாள்.

"பிரசாக்காவ லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்கக்கா. ஏறும்போது இத என்கிட்ட தூக்கிக் குடுத்து, எங்கக்காகிட்ட சேத்துடுன்னாங்க."

அவளைத் தடுத்து வைத்திருந்த இடத்தைத் தேடிப்போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். என் கணவர் யோகலிங்கம் போனில், அங்கே நின்று என்ன செய்யப் போகிறாய், வா, இங்கேயிருந்து பார்ப்போம் என்றார். அடுத்த நாள் பெட்டிகளோடு விமானம் ஏறினேன். எனக்கு வெட்கம் இருந்தால் ஏறியிருக்கமாட்டேன்.

இங்கேயிருந்து பார்ப்பதற்கு ஆள் இருந்தது. மச்சாளின் கணவர் விஜயரத்தினம் அத்தான் சொலிசிட்டர், அகதி வழக்குகளே பார்க்கிறவர், மலேசியாவிலும் அவருக்கு வக்கீல்களைத் தெரியும். ஆனால் யோகலிங்கம் என்னைத் தடுத்தார். கலியாண வீட்டில் கூடாத கதை கதைக்கக்கூடாது, முதல் துஷ்யாவின் தாலி ஏறட்டும் என்றார். எங்கள் சனத்தில் செத்தவீட்டுச் செய்தியையே கலியாணம் முடியும்வரை ஒளித்து வைப்பார்கள். நானும் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், ஒளித்தேன். அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஹரோவில் மச்சாள் சேலைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அட்டையோடு ஒப்பிட்டார். இருபத்தொன்பதும் தேறின. கடைசி மூன்றும் கொஞ்சம் கடும் ரோஸ் என்று ஒதுக்கிவிட்டார். பதிலுக்கு மூன்றை ஈஸ்ட் ஹாமில் எடுத்தார்கள், என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில். நிறம் அச்சொட்டாகப் பொருந்தியது.

கலியாணத்தன்று எல்லோரும் ஒரே ரோஸில் நின்று படம் எடுத்தார்கள். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்குத் திரும்பியபோது மச்சாள் ஒரு பையோடு என்னிடம் வந்தார். உள்ளே அந்த மூன்று சேலை. அலைந்ததற்கு நீரே வைத்துக்கொள்ளும் என்றார். அதற்குமேல் எனக்கு ஏலவில்லை.

"இந்த மூண்டையும் எடுக்கப் போய்த்தான் என்ர தங்கச்சி பிடிபட்டவள், மச்சாள். ஐஞ்சு கிழமையா உள்ளுக்கை இருக்கிறாள். அத்தானிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ."

மச்சாளின் முகம் உண்மையாகவே வாடியது. அதை நான் மறைக்கமாட்டேன். கண்கூடக் கலங்கியது. என் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாக ஒதுக்கினார்.

"மெல்லக் கதையும், கௌரி. மாப்பிளை பகுதி நிக்கினம். நாலாம் நாள் சடங்கும் முடியட்டும், பிறகு இவரிட்டைச் சொல்லுவம்."

அத்தான் பத்தடி தள்ளி நின்று வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தடிதான். நான் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"ஓம், மச்சாள்" என்றேன்.